ஒற்றைக் காலுறை

காஷ்மீரி கேட் மெட்ரோவில்
எக்ஸ்ரே பெட்டிக்குள் போன என் பை
பாதியில் நின்றுவிட்டது.

காவலர் கைவிட்டு எடுத்தது
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, ஒன்றே ஒன்று.
கழுத்தில் முடிச்சு.
வயிறு முட்டப் பொடி.
யே க்யா ஹை, மேடம்?

எங்கிருந்து தொடங்க?
ஜான்ஸ்கரில் ஒன்பதாம் நாளிலிருந்தா,
என் அலமாரியில் அது குடியிருந்த
ஆறு வாரத்திலிருந்தா?
அரையாண்டுத் தணிக்கை என்பேன்,
புகை என்பேன், மூட்டுவலி என்பேன்.
மூன்று கணவாய் தாண்டிய கால்கள்
பத்து மெட்ரோ நிறுத்தம் தாண்ட
ஆறு வாரம் எடுத்துக்கொண்டன.

மங்கையர்க்கரசி என்ற பெயர் அங்கே
முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது.
மங்கா மட்டும்தான் மேலே போனாள்.
மங்கா, தண்ணீர் குடி.
மங்கா, குதிரை வரும்போது மலைப்பக்கம் ஒதுங்கு.
மங்கா, மணிச்சுவர் வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.
குதிரைக்காரர் முடுப் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான்.
வறுத்த வாற்கோதுமை மாவை
வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருண்டையை நீட்டுவார்.
முதல் நாள் அதை ரகசியமாகக் குதிரைக்குக் கொடுத்தேன்.
ஐந்தாம் நாள்
குதிரையின் பங்கையும் தின்றிருப்பேன்.

கடைசி முகாமில்,
வாளித் தண்ணீர் கண்ணாடியாகிக் கிடந்த விடியலில்,
இந்தக் காலுறையைக் கொடுத்தார்.
டெல்லியில் மகள். பத்மா.
மஜ்னு கா டீலா. மூன்றாம் மாடி. பச்சைக் கதவு.
அவ்வளவு பெரிய ஊருக்கு
இவ்வளவு சின்ன முகவரி.

காவலர் முடிச்சை அவிழ்த்தார்.
மூக்கருகே கொண்டுபோனார்.
முகத்தில் எதுவோ இளகியது.
சத்து, என்றார்.
பீகாரில் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை.
எங்கள் வீட்டில் சத்துமாவு என்போம் என்று
தமிழிலேயே சொல்லிவைத்தேன்.
தலையாட்டியபடி
முன்னைவிட இறுக்கமாக முடிந்து தந்தார்.

மஜ்னு கா டீலா சந்தில்
இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் சுவராக வேண்டும்.
மோமோ ஆவி, ஈரத்துணி,
கரன்ட் கம்பிகளோடு சிக்கிக்கொண்ட
வெளுத்த மந்திரக் கொடிகள்.
மூன்றாம் மாடிகளில் மொத்தம் ஏழு பச்சைக் கதவுகள்.
ஐயாயிரம் மீட்டரில் வாங்காத மூச்சை
இந்த நவம்பர்ப் படிக்கட்டில் வாங்கினேன்.
அங்கே காற்று குறைவு.
இங்கே காற்றில் காற்று குறைவு.

ஐந்தாவது கதவில் பத்மா.
நகப்பூச்சு காயாத விரல்கள், காதில் ஒயர்,
கால்சென்டர் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரம்.
அப்பாவின் இருமலைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
கறுப்புக் குதிரை இன்னும் கடிக்கிறதா என்றாள்.
முழங்கைத் தழும்பைக் காட்டினேன்.
அதற்குப் பிறகுதான் உள்ளே வரச் சொன்னாள்.

நீங்கள் எதற்கு அங்கே நடந்தீர்கள்?
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.
நாங்கள் வெளியே வரத்தான் நடந்தோம்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது.
அலுவலகத்தில் நன்றாகச் செலாவணியான பதில்.
அந்த அறையில்
அதற்கு நாக்கு எழவில்லை.

மாவை ஹார்லிக்ஸ் புட்டியில் கொட்டினாள்.
காலுறையை உதறினாள்.
இன்னொன்று?

ஒன்றுதான் கொடுத்தார்.
வழியில் தொலைக்கவில்லை, சத்தியமாக.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள்.
வசைதான்.
வசைக்கு அகராதி வேண்டாம்.
நாலு வருஷமாக வா என்று
ஒருமுறைகூடச் சொன்னதில்லை அந்த மனிதர்
என்றாள் இந்தியில், சுவரைப் பார்த்து.

செருப்பைக் கழற்றி
இடக்காலில் ஏற்றினாள்.
அளவு சரியாக இருந்தது.

கீழே ஷிஃப்ட் வண்டி இரண்டாவது முறை ஹாரன் அடித்தது.
ஒரு காலில் கம்பளி,
ஒரு கால் வெறும் தரையில்,
கணவாய் எந்த மாதம் திறக்கும் என்று
கேட்டாள்,
என்னிடம் போய்.